இளவட்டக்கல் இல்லாத நகரத்தில் பைக் பந்தயம்

சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு மேல் திருவல்லிக்கேணியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. முதலில் நான்கைந்து வண்டிகள் பாரதி சாலை வழியாக உறுமியபடி கடற்கரையை நோக்கிப் போகும். பிறகு பத்து நிமிடம் அமைதி. அதன் பின் காமராஜர் சாலையில் ஒரே மூச்சாக ஓர் இரைச்சல் எழும்பி, வடக்கிலிருந்து தெற்காக இழுத்துக்கொண்டே போய், கலங்கரை விளக்கத்துப் பக்கம் தேய்ந்து மறையும். எங்கள் வீட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்த இரைச்சல் கேட்டதும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அது ஒழுங்காகத் தேய்ந்து முடிகிறதா, நடுவில் அறுந்துபோகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். நடுவில் அறுந்துபோன ஓர் இரவு அவருக்கு நினைவிருக்கிறது.

நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அகலமான, பெரிய வளைவுகள் இல்லாத சாலை. ஒரு பக்கம் மெரினா மணல்வெளி. மறுபக்கம் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி. தமிழ்நாடு காவல்துறையின் தலைமை அலுவலகமும் இதே சாலையில்தான் இருக்கிறது. இளைஞர்கள் சாலையில் பந்தயம் விடுவதற்குக் காரணம் போலீஸ் பயம் இல்லாததே என்று சொல்பவர்கள் இந்த இடத்தேர்வைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை கிடக்கிறது. அங்கும் பந்தயம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மெரினாவில் ஓட்டியவனுக்குக் கிடைக்கும் பெயர் அங்கே ஓட்டியவனுக்குக் கிடைப்பதில்லை. ஊரே அறிந்த சாலையில், உழைப்பாளர் சிலைக்கு முன்னால், போலீஸின் வாசலைக் கடந்து போவதில்தான் அந்தப் பெயர் இருக்கிறது.

இந்தப் பந்தயங்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் வேகத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. நான் கவனித்த வரையில், வேகத்தைவிடப் பார்வையாளர்தான் இதில் பெரிய விஷயம். யாரும் பார்க்காத இடத்தில், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத வகையில் உயிரைப் பணயம் வைத்து வண்டி ஓட்டும் பத்தொன்பது வயதுப் பையனை நான் இதுவரை பார்த்ததில்லை.

யார் இவர்கள் என்ற கேள்விக்குச் செய்திகள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன. வட சென்னைக் குடிசைப் பகுதிப் பையன்கள், வேலைவெட்டி இல்லாதவர்கள், போதைப் பழக்கம் உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரையைத் தாண்டிப் போய் நின்று பார்த்தால் வேறொரு கூட்டத்தைப் பார்க்கலாம். பத்து லட்சம், பதினைந்து லட்சம் ரூபாய் வண்டிகள். முழு உடல் தோல் கவசம். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று போய்க் காலை உணவு முடித்துத் திரும்புகிறவர்கள். அவர்களில் பலர் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள். சிலர் மணிக்கு 150, 180 கிலோமீட்டரைத் தொடுகிறார்கள். முதல் கூட்டத்தை நாம் 'பைக் ரேஸ் கும்பல்' என்கிறோம், இரண்டாவது கூட்டத்தை 'பைக் ஆர்வலர்கள்' என்கிறோம். சாலையைக் கடக்கும் மீன்காரம்மாவுக்கு இந்த வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை.

வண்டியின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ்.100 வந்தது. 98 சி.சி. எஞ்சின், சுமார் 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடை. 1996-இல் உற்பத்தி நின்ற பிறகும் அந்த வண்டி சென்னைத் தெருக்களை விட்டுப் போகவில்லை. அதன் சத்தத்தை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்கிறார்கள். ஆனால் அதை வாங்கி ஓட்டியவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். 2001-இல் பல்சர் வந்தபோது வண்டி என்பது குடும்ப வாகனம் என்ற எண்ணம் மாறத் தொடங்கியது. 2012 ஜனவரியில் கே.டி.எம். டியூக் 200 இந்தியாவில் அறிமுகமானது. 25 குதிரைத்திறன், விலை சுமார் 1.17 லட்சம் ரூபாய். ஆர்.எக்ஸ்.100-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சக்தி, ஒரு டெலிவரி ஊழியரோ கல்லூரி மாணவரின் தந்தையோ மாதத் தவணையில் கட்டிவிடக்கூடிய தொகைக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பு இந்தியத் தெருவில் அந்த விலைக்கு அப்படி ஓர் எந்திரம் கிடைத்ததில்லை.

இப்போது பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் ஒரு சிறிய வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்றுக்கொண்டு, மறுநாளே 40 குதிரைத்திறன் வண்டியில் ஏறலாம். சட்டம் தடுக்காது. ஐரோப்பிய நாடுகளில் இளம் வயதினருக்குச் சக்தி குறைந்த வண்டிக்கு மட்டும் முதலில் உரிமம் கொடுத்து, சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகே பெரிய வண்டிக்கு அனுமதிக்கும் படிநிலை முறை இருக்கிறது. நம் நாட்டில் பதினாறு வயதில் 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டி, பதினெட்டில் மற்ற எல்லாம். நடுவில் படியே கிடையாது.

எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் கடை உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி. உள்ளே ஒரு லிப்ட் மேடை, சுவரில் ஸ்பேனர்கள், மேலே பரண். பரணில் வரிசையாகப் பழைய துணியில் சுற்றி வைத்த சைலன்சர்கள். எல்லாம் கம்பெனி சைலன்சர்கள், வண்டியிலிருந்து கழற்றப்பட்டவை. உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நாள் என்னிடம் வெட்டிப் பிளந்த சைலன்சர் ஒன்றைக் காட்டினார். உள்ளே தடுப்புத் தகடுகள், ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கருகிப்போன கண்ணாடி இழைப் பஞ்சு. எஞ்சினிலிருந்து வெடித்து வரும் புகை அந்த அறைகளில் முட்டி மோதிச் சத்தம் அடங்கி வெளியே வருகிறது. அந்தத் தடுப்புகள் இல்லாத குழாயை, வண்டி உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கி மாட்டிவிட்டால் வண்டி அலறும். “இதனால் வேகம் கூடுமா?” என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். “பெரிதாக ஒன்றும் கூடாது சார். எஞ்சினுக்குள் மற்ற வேலையும் செய்தால்தான் கொஞ்சம் தெரியும். பையன்கள் கேட்பது சத்தத்தைத்தான். வருகிறான் என்று நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.”

பிறகு கண்ணாடிகளைக் கழற்றுவார்கள். நம்பர் பிளேட்டை மேல்நோக்கி மடக்குவார்கள். பின் சக்கரப் பல்லை மாற்றி, வண்டி சட்டென்று பாயும்படி செய்வார்கள். பின்னால் என்ன வருகிறது என்று காட்டும் கண்ணாடியை எடுத்துவிட்டு, முன்னால் போகிறவரைத் திரும்ப வைக்கும் குழாயை மாட்டுகிறார்கள். அந்த வண்டி முழுக்க முழுக்கப் பார்க்கப்படுவதற்காகவே தயாராகிறது.

வேகம் என்ன செய்யும் என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கிறது. எதிரே ஆள் வருவதைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டயர், நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால் அதற்குப் பிறகு இன்னொரு 14 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 28 மீட்டர். அதே வண்டி 100-இல் வந்தால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 28 மீட்டர் போய்விடும். நிற்பதற்கு மேலும் 55 மீட்டர். மொத்தம் 83 மீட்டர், அதாவது நான்கு கிரிக்கெட் பிட்சுகளை நீளவாக்கில் போட்டால் வரும் தூரம். 120-இல் வந்தால் சுமார் 113 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. மோதும் ஆற்றலும் அப்படியே. இருபது வயதுப் பையனின் கை எவ்வளவு லாகவமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரவு ஒன்றரை மணிக்குச் சாலை காலியாக இருக்கும் என்பதும் தவறு. மெரினாவைக் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள் அந்த நேரத்தில்தான் வேலையில் இருக்கிறார்கள். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள் கிளம்பும் நேரம். கோயம்பேட்டுக்குச் சுமை ஏற்றிய வண்டிகள் நகரும் நேரம். நடைபாதையில் குடும்பத்தோடு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பந்தயத்தில் கலந்துகொள்ள இவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

2022-ஆம் ஆண்டு மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அதே ஆண்டில் இந்தியா முழுவதும் இறந்த இரு சக்கர வாகனக்காரர்கள் 74,897 பேர். இவர்களில் பந்தயத்தில் இறந்தவர்கள் சிறு பங்காகவே இருக்கக்கூடும்; அதிவேகம் என்ற பெரிய பட்டியலுக்குள் அவர்கள் கரைந்துபோகிறார்கள். பந்தயத்தைத் தனியாக ஒரு சமூக நோயாகப் பேசிவிட்டு, பகலில் அலுவலகத்துக்கு 80-இல் போகும் நம்முடைய பழக்கத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன். அந்தப் பையன்கள் வேகத்தை எங்கோ வெளியிலிருந்து கற்றுக்கொண்டு வரவில்லை. சிக்னலில் மஞ்சள் விழும்போது முறுக்கும் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள்தான்.

இனி பார்வையாளருக்கு வருவோம்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தம் 306 பேர். 13 முதல் 16 வயது வரை ஒரு பிரிவு, 18 முதல் 22 வரை இன்னொரு பிரிவு, 24-க்கு மேல் மூன்றாவது பிரிவு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் போய்க்கொண்டே இருக்கலாம். எந்த நேரமும் சிவப்பு விழுந்து மோதலாம். சிலரைத் தனியாக விளையாட வைத்தார்கள். சிலரைத் தங்கள் வயதுத் தோழர்கள் பக்கத்தில் இருக்கும்போது விளையாட வைத்தார்கள். தோழர்கள் பக்கத்தில் இருந்தபோது சிறுவர்கள் எடுத்த ஆபத்து மிக அதிகமாகக் கூடியது. நடுப் பிரிவினரிடமும் கூடியது. பெரியவர்களிடம் கிட்டத்தட்ட ஒரு மாற்றமும் இல்லை. தனியாக இருந்தால் நிதானமாக முடிவெடுக்கத் தெரிந்த அதே பையன்தான் நண்பர்கள் பார்க்கும்போது வேறொருவன் ஆகிறான்.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயில் வாசலில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டையான, பிடிமானம் இல்லாத, நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் கல். ஊர் கூடி நிற்கும்போது அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போட்டவன் இளவட்டம். யாரும் இல்லாதபோது தூக்கியதற்குக் கணக்கில்லை. மாட்டுவண்டிப் பந்தயம், மஞ்சுவிரட்டு, வழுக்கு மரம் எல்லாவற்றுக்கும் இதே இலக்கணம்: ஒரு நாள், ஓர் இடம், ஒரு விதி, பார்க்க ஊர், தடுத்து நிறுத்தப் பெரியவர்கள். அவற்றிலும் உயிர்கள் போயிருக்கின்றன, இன்றும் போகின்றன. கிராமம் எல்லாவற்றையும் அழகாக வைத்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இளைஞனின் வீம்புக்கு அங்கே ஓர் இடமும் நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த நேரம் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனான்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கான இளைஞர்கள் திரண்டு உட்கார்ந்ததும் இதே மெரினாவில்தான். அவர்களில் பெரும்பாலானோர் வாடிவாசலை நேரில் பார்த்திராத நகரத்துப் பிள்ளைகள். அந்த நாட்களில் அவர்களே போக்குவரத்தைச் சீர்செய்ததையும் குப்பை அள்ளியதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓர் ஊர் தன்னைப் பார்க்கிறது, நம்புகிறது என்று தெரிந்தபோது அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இன்றைய பையனுக்கு ஊர் என்பது கைப்பேசி. முன்பு பந்தயத்தைப் பார்க்க வந்தவர்கள் சாலையோரம் நின்ற முப்பது பேர். இப்போது முன் சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்யும் பத்து நொடிக் காட்சி, விடிவதற்குள் பல்லாயிரம் பேரிடம் போய்ச் சேர்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவனின் வேலையே படம் பிடிப்பது. முப்பது பேர் பார்த்த பந்தயம் அந்த இரவோடு முடிந்தது. ஒரு முறை கீழே விழுந்து எலும்பு முறிந்தவனைக் கண்ணால் கண்டு பயந்து திருந்தியவர்கள் அந்த முப்பது பேரில் இருந்தார்கள். கைப்பேசியில் வருவது விழாமல் போனவர்களின் காட்சி மட்டும்தான். விழுந்தவன் அவசரச் சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் காட்சிக்குப் பின்னணி இசை போட்டு யாரும் ஏற்றுவதில்லை.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பாலுச்செட்டி சத்திரத்தில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், புகழ்பெற்ற யூடியூபர் ஒருவர் வீலிங் செய்யப் போய் விழுந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 45 லட்சம் பேர் என்று வழக்கில் சொல்லப்பட்டது. கைது செய்யப்பட்டார், ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், அந்த வண்டியை எரித்துவிட வேண்டும் என்று கடுமையாகச் சொன்னது. அந்த வழக்கில் அரசுத் தரப்பு எடுத்துவைத்த வாதம் ஒன்று முக்கியமானது: விலை உயர்ந்த பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால் அவர் பிழைத்தார், அவரைப் பார்த்து ஓட்டும் பிள்ளைகளிடம் அந்த உடை இல்லை. சட்டையும் செருப்புமாக வண்டியில் ஏறுகிறவர்கள் அவர்கள்.

அந்தக் காணொளிகளில் விளம்பரங்கள் ஓடின. அந்த விளம்பரங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எவரும் அன்று நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. வண்டி நிறுவனங்களின் விளம்பரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலைப் பாதையில் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து ஓட்டும் காட்சி. அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், 'பயிற்சி பெற்றவர்களால் செய்யப்பட்டது, முயற்சிக்க வேண்டாம்' என்ற வரி. பதினாறு வயதுப் பையன் எதைப் பார்ப்பான், எதைப் படிப்பான்?

இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், முறையான மோட்டார் பந்தயம் இந்தியாவில் வேர்விட்ட ஊர்களில் முக்கியமானது சென்னை. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. அந்தக் காலத்தவர்கள் இன்றும் சோழவரம் என்றால் கண் விரியப் பேசுகிறார்கள். ரெட்ஹில்ஸ் பக்கம் பஸ் பிடித்துப் போய், வெயிலில் நின்று, பெட்ரோலும் விளக்கெண்ணெயும் கருகும் மணத்தோடு பார்த்த கதை. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தரப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் போன்ற தேசியச் சாம்பியன்கள் இந்த ஊர்க்காரர்கள். 2011-இல் உலகக் கிராண்ட் பிரீ 125 சி.சி. பிரிவில் ஓட்டிய முதல் இந்தியரான சரத்குமாரும் சென்னைக்காரர்.

காமராஜர் சாலையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஒரு மணி நேரத் தூரத்துக்குள்தான். ஆனால் அந்தப் பாதையில் ஏற வேண்டுமென்றால் தோல் கவசம், நல்ல ஹெல்மெட், பூட்ஸ், கையுறை வேண்டும். பயிற்சிக் கட்டணம், போட்டி உரிமம், டயர், பழுதுச் செலவு தனி. தவணை கட்டித் தீராத வண்டியின் சொந்தக்காரனுக்கு அது ஒரு மணி நேரத் தூரம் அன்று. அவனுக்கு அது வேறு நாடு. நிறுவனங்கள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன, நல்லவை. ஆனால் அவற்றில் நுழைகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரு நாட்களும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் இரவில் நடந்தது. 3.5 கிலோமீட்டர் சாலையைத் தடுப்பு வைத்து மூடி, விளக்கு போட்டு, டிக்கெட் விற்று, அரசே முன்னின்று நடத்தியது. காமராஜர் சாலை தொடங்கும் நேப்பியர் பாலம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பந்தயம் நடந்திருக்கக் கூடாது என்று சொல்பவன் அல்ல நான். பாதுகாப்போடு நடந்தால் அது விளையாட்டுதான். ஆனால் அந்தத் தடுப்புக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பையன்களை நான் பார்த்தேன். வேகம் குற்றம் என்று அவர்களுக்கு இனிமேல் சொல்ல முடியாது. காசும் கவசமும் இல்லாத வேகம்தான் குற்றம் என்று அவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

அதற்காக, மைதானம் கட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அவசர முடிவு. மலேசியாவைப் பாருங்கள். அங்கே தெருப் பந்தயம் விடும் இளைஞர்களுக்கு 'மாட் ரெம்பிட்' என்று தனிப் பெயரே உண்டு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வாழும் தமிழர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சிறிய வண்டிகளுக்கான 'கப் பிரீ' என்ற தேசியப் பந்தயம் அங்கே 1994 முதல் ஊர் ஊராக நடந்து வருகிறது. அந்தப் பள்ளியில் பழகிய ஹபீஸ் ஷாரின் 2018-இல் உலக பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோ ஜி.பி.யில் ஓட்டிய முதல் மலேசியர் ஆனார். எத்தனையோ பையன்களைத் தெருவிலிருந்து தூக்கிவிட்ட ஏற்பாடு அது. ஆனாலும் மாட் ரெம்பிட் ஒழியவில்லை. இன்றும் நள்ளிரவுகளில் மலேசியக் காவல்துறை தடுப்புப் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பந்தயப் பாதை திறமைசாலிகளுக்கு வழி. திறமை பற்றிய நினைப்பே இல்லாமல், தன் தெருவுக்குத் தன்னைக் காட்ட நினைக்கும் பையனுக்கு அது பதில் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தடை செய்கிறது. பழைய அபராதம் 500 ரூபாய், அல்லது ஒரு மாதம் வரை சிறை. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. மறுமுறை 10,000 ரூபாய், ஓராண்டு வரை சிறை. 199ஏ என்ற புதிய பிரிவு இன்னும் கடுமையானது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

காவல்துறையும் சும்மா இருக்கவில்லை. புத்தாண்டு இரவில் மேம்பாலங்களை மூடுகிறார்கள். சாலையில் தடுப்புகளை வளைத்து வளைத்து வைக்கிறார்கள். வண்டியைப் பறிமுதல் செய்து, பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்குகிறார்கள். மெரினாவில் கெடுபிடி கூடினால் பந்தயம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும், அங்கே கூடினால் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்கும், வெளிவட்டச் சாலைக்கும் நகர்கிறது. துரத்திப் பிடிப்பதிலும் ஆபத்து உண்டு. போலீஸ் துரத்துகிறது என்றால் அந்த ஓட்டத்துக்கு மதிப்புக் கூடிவிடுகிறது. துரத்தலில் விழுந்து இறப்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். நம்பரைக் குறித்துக்கொண்டு காலையில் வீட்டுக் கதவைத் தட்டுவதே மேலானது என்பது என் கருத்து.

2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு வழியை முயன்றது. பைக் பந்தய வழக்கில் ஜாமீன் கேட்ட இளைஞர், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் வார்டு உதவியாளராக வேலை செய்ய வேண்டும், அங்கே கண்டதைத் தினமும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றிய உத்தரவு இதுதான். கைப்பேசி காட்டாத மறுபாதியை அது காட்டியது. தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவு திரும்பும் வரை வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை ஒரு மாதம் தினமும் கடந்து போனவன், ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் இது ஒருவர், இருவர் விஷயத்தில் நீதிபதியின் மனத்தில் உதித்த யோசனை. ஒரு நடைமுறையாக மாறவில்லை.

வீட்டைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் நகரின் நடுவிலிருந்து குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு வண்டி ஆடம்பரம் அல்ல; பழைய இடத்து வேலைக்கு வந்துபோக இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். சில நிமிடங்களில் பொருள் தருகிறோம் என்று செயலிகள் சொல்லும்போது, அந்தச் சில நிமிடங்களை உண்மையாக்க வேண்டியவன் இந்தப் பையன். பகல் முழுவதும் அவனுக்கு வேகம்தான் கூலி. முந்நூறு சதுர அடி வீட்டில் அவனுக்கென்று ஓர் அறை இல்லை, ஒரு கதவு இல்லை. உலகத்தில் அவன் பெயருக்கு இருக்கும் ஒரே சொத்து அந்த வண்டி. அதை அவன் துடைப்பதைப் பார்த்தாலே தெரியும்.

வசதியான வீடுகளில் வேறு கதை. பன்னிரண்டாம் வகுப்பில் இத்தனை மதிப்பெண் எடுத்தால் வண்டி என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் பையன் சாப்பிட மறுக்கிறான், விபரீதமாகப் பேசுகிறான். பயந்துபோய் வாங்கிக் கொடுத்த பெற்றோர் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பிறகு ஒவ்வோர் இரவும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும் வரை தூங்காமல் கிடக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் பதினாறு வயது மகன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, 'மெதுவாகப் போ' என்று சொல்வதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது அன்பு ஆகாது.

சென்ற மாதம் அந்த மெக்கானிக் கடையில் என் ஸ்கூட்டருக்கு பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா உள்ளே வந்தார். ஏதோ அலுவலகத்தில் துப்புரவு வேலைக்கான சீருடை. கையில் பிளாஸ்டிக் கவரில் வண்டிக் காகிதங்கள். கூடவே மகன், இருபது வயது இருக்கும், முழங்கையில் கட்டு. வண்டி ஸ்டேஷனில் நிற்கிறதாம். கம்பெனி சைலன்சரைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டினால்தான் விடுவார்களாம். மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் தேடி, துணி சுற்றிய ஒன்றை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். அந்த அம்மா எவ்வளவு என்று கேட்டார். “உங்கள் பொருள்தானம்மா, பணம் வேண்டாம்” என்றார் அவர்.

இருவரும் வெளியே போனார்கள். அம்மா படியிறங்கித் தெருமுனை வரை நடந்துவிட்டார். பையன் மட்டும் திரும்பி வந்து, கடை வாசலில் ஒரு காலை வைத்தபடி தாழ்ந்த குரலில் சொன்னான்: “அண்ணே, அந்தச் சைலன்சரை ஸ்டேஷனிலிருந்து சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பரணிலேயே இருக்கட்டும்.”